இதுல சண்டை எங்கிருக்குது?

மாமா அந்தக் கேள்வியைக் கேட்டபோது கார் கருமத்தம்பட்டியைத் தாண்டியிருந்தது. இரவு பதினொரு மணி இருக்கும். கோவையில் பீளமேட்டுப் பக்கம், எண்பது நாற்காலி போட்ட ஒரு சின்ன அரங்கில் அவருடைய மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் வாசித்ததைக் கேட்டுவிட்டுப் பள்ளிபாளையம் திரும்பிக்கொண்டிருந்தோம். மகன் டிரம்ஸ். மற்றவர்கள் இரண்டு கித்தார், ஒரு பேஸ் கித்தார். பாடுகிற ஆள் கிடையாது. ப்ராக்ரஸிவ் மெட்டல், அதாவது உறுமும் கித்தாரும் சிக்கலான தாளக் கணக்குமாகப் போகும் ராக் இசை, என்றாலே பாதிப் பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதில் குரலும் இல்லையென்றால் மீதிப் பேரும் எழுந்து போய்விடுவார்கள். மாமா முன்வரிசையில் வேட்டி சட்டையோடு, மடியில் கையை வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியாக வாசித்தது பதினான்கு நிமிட உருப்படி. அதற்குப் பையன்கள் வைத்திருக்கும் பெயர் 'சயாம்'. மாமாவின் பெரியப்பாவைப் பற்றியது. அது மாமாவுக்கும் தெரியும். அதற்காகத்தான் அவரைக் கூட்டிப் போயிருந்தேன்.

“நல்லாத்தான் வாசிக்கறானுங்க மாப்ளே. ரெண்டு தறி ஒண்ணா ஓட ஆரம்பிச்சு, கொஞ்சங் கொஞ்சமா வெலகிப் போயி, மறுபடி வந்து ஒண்ணு சேருமல்ல, அந்த மாதிரி இருந்துச்சு. ஆனா இதுல சண்டை எங்கிருக்குது? பெரியப்பா எங்கிருக்கறாரு?”

நான் பதில் சொல்லவில்லை. பெருந்துறை வரைக்கும் யோசித்தும் சொல்லத் தெரியவில்லை. காரணம், அதே கேள்வி எனக்குள்ளும் பல வருஷமாகக் கிடந்தது. 2003ல் கோவையில் படித்துக்கொண்டிருந்தபோது ஹாஸ்டலில் ஒருவன் ரைட் பண்ணிக் கொடுத்த எம்பி3 சிடியில்தான் இந்த இசை எனக்குப் பழக்கமானது. அன்றிலிருந்து விடாமல் கேட்கிறேன். போரைப் பற்றிய மெட்டல் பாட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. மெட்டாலிகா குழுவின் 1988 ஆல்பத்தில், கண்ணிவெடியில் கை கால் கண் காது பேச்சு எல்லாம் போய் உயிர் மட்டும் மிச்சமிருக்கிற ஒரு சிப்பாயின் பாட்டு இருக்கிறது. அதன் பின்பாதியில் டபுள் பெடல், இரண்டு காலாலும் மிதித்து அடிக்கும் டிரம், இயந்திரத் துப்பாக்கி மாதிரி வெடிக்கும் இடம் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசையும். ஆனால் அங்கே வரிகள் இருக்கின்றன. அவன் யார், என்ன ஆனான் என்று பாடுகிறவர் சொல்லிவிடுகிறார். வரியையும் குரலையும் எடுத்துவிட்டு, வெறும் கித்தாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு 'இது இன்ன போரில் செத்தவர்களின் கதை' என்று ஒரு குழு சொல்லும்போதுதான் எனக்கு உறுத்தும். தலைப்பை மறைத்துவிட்டுக் கேட்டால் அந்தச் சாவு அங்கே இருக்குமா? இல்லை என்றால், செத்தவர்களை வெறும் லேபிளாக ஒட்டிக்கொள்கிறோம் என்றுதானே ஆகிறது?

இந்த உறுத்தலுக்கு நான் எப்போதும் ஓர் ஆதாரம் வைத்திருந்தேன். போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கி 1960ல் 52 தந்தி வாத்தியங்களுக்கு ஓர் உருப்படி எழுதினார். அதற்கு அவர் முதலில் வைத்த பெயர் அது ஓடும் நேரம்தான்: 8 நிமிடம் 37 விநாடி. இசைக்குழு வாசித்து, அதைத் தன் காதால் கேட்டு, அதன் வேகத்தில் தானே ஆடிப்போன பிறகுதான் அதை ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்கான இரங்கல் என்று ஆக்கினார். இன்றைக்கு அதைக் கேட்கிற எல்லாருக்கும் விமானம் கேட்கிறது, குண்டு கேட்கிறது, ஜனங்கள் கதறுவது கேட்கிறது. எழுதும்போது அவர் யோசித்தது தந்திகளில் இன்னும் என்னென்ன சத்தம் எழுப்பலாம் என்பதை. இதைச் சொல்லிச் சொல்லியே பல நண்பர்களிடம் வாதத்தில் ஜெயித்திருக்கிறேன். ஜெயித்த பிறகும் அந்த எட்டரை நிமிடத்தை ஹிரோஷிமா இல்லாமல் என்னால் கேட்க முடிந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தேதி இல்லாத சாவு

மாமா பெரியப்பா என்று சொல்வது என் அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், அண்ணனை. திருச்செங்கோட்டுப் பக்கம் மானாவாரிக் காடு. மழையும் பொய்த்து, கடனும் ஏறி, 1937ல் பதினெட்டு வயசில் ஒரு கங்காணியோடு நாகப்பட்டினம் போய் ரஜூலா கப்பல் ஏறினார். மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. அடுத்த வருஷமே தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. 'ஒரு வருசம் பொறுத்திருந்தாப் போகவே உட்டிருக்க மாட்டாங்க' என்று அமுச்சி கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். 1941 வரை மணியார்டர் வந்தது. அந்த டிசம்பர் 8ல் ஜப்பான் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. அதோடு கடிதமும் நின்றது, பணமும் நின்றது.

சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். சயாம் ரயில் பாதை என்றால் பலருக்குக் காஞ்சனபுரியில் இருக்கும் பாலம்தான் ஞாபகம் வரும். தாய்லாந்தின் பான் போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் போவது ஆபத்து என்று ஆனதால், பர்மாவில் இருந்த ஜப்பான் படைக்குச் சாமான் கொண்டுபோக மலையையும் காட்டையும் வெட்டிப் போட்ட பாதை. 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபர் 17ல் இரண்டு முனையும் சேர்ந்துவிட்டன. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12 ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன, புல் வெட்டி, பூச்செடி வைத்து. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியாவிலிருந்து பிடித்துப் போன கூலிகள் இரண்டு லட்சம் பேர் அளவில் இருப்பார்கள் என்கிறார்கள். அவர்களில் 90 ஆயிரம் பேர் வரை செத்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு. மதிப்பீடுதான். பெயர் எழுதி வைக்க யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா புகுந்தபோது கைதிகளிடம் அவர்களுடைய படை மருத்துவர்கள் இருந்தார்கள், கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் ஏற்றிப் போன ஜனங்களுக்கு அதெல்லாம் இல்லை. மழைத் தண்ணீரைக் குடித்தார்கள், மூங்கில் குடிசையில் படுத்தார்கள், விடிந்தால் பக்கத்தில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்பு மலேசியத் தமிழர்கள் காஞ்சனபுரியில் ஒரு புத்த கோயிலில் அவர்களுக்காக ஒரு நடுகல் நட்டார்கள். நம் ஊர்க் காடுகளில் எத்தனையோ நடுகல்லைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கல்லின் படத்தைப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்த சேதி இரண்டே வாக்கியம். 1946ல் அதே தோட்டத்திலிருந்து திரும்பி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொன்னது: “பெரட்டுல நிக்க வெச்சு லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. சயாமுக்குப் போனவன் வரலீங்க.” பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பது. எந்த மாதம், எந்த முகாம், காய்ச்சலா காலராவா, யார் குழி வெட்டினார்கள், குழி என்று ஒன்று இருந்ததா, எதுவும் தெரியாது. தேதி தெரியாததால் அவருக்குத் திதி கிடையாது. ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறையில் அப்புச்சி தன் அப்பா அம்மாவோடு அண்ணனுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணியும் விட்டார். அவருக்குப் பிறகு மாமா விடுகிறார். நானும் இரண்டு வருஷம் கூடப் போயிருக்கிறேன். மந்திரம் சொல்கிற ஐயர் ஒவ்வொருவராகப் பெயரும் செத்த நாளும் கேட்பார். பெரியப்பாவின் முறை வரும்போது மாமா பெயரைச் சொல்லிவிட்டு, “நாள் தெரியாதுங்க” என்பார். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கும், ஏதோ தன் கவனக்குறைவால் தொலைத்துவிட்டதைச் சொல்வது போல.

தறிக்குடோன் பிள்ளை

மாமன் மகன் இந்தக் கதையை வைத்து ஓர் உருப்படி செய்யப் போகிறேன் என்று வந்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். ஆனால் அவன் காதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. மாமாவின் குடோனில் முப்பது தறி. பள்ளிபாளையத்தில் பிறந்தவனுக்குத் தறிச்சத்தம் என்பது சத்தமே இல்லை, அது நின்றால்தான் தூக்கம் கலையும். ஒவ்வொரு தறியிலும் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கம் போய் இடித்து அந்தப் பக்கம் வந்து இடிக்கும். பார்த்தால் எல்லாம் ஒரே வேகம். ஆனால் ஒன்றின் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும், ஒன்றின் மோட்டார் புதுசாக இருக்கும். அதனால் பக்கத்துப் பக்கத்துத் தறிகள் ஒன்றாக அடித்து, நூலிழை அளவு பிசகி, இரட்டிப்பாகக் கேட்டு, சரியாக எதிரெதிரே வந்து, அப்புறம் மறுபடி ஒன்றில் வந்து விழும். ஸ்வீடன்காரர்களும் அமெரிக்காக்காரர்களும் எட்டுத் தந்திக் கித்தாரில் கணக்குப் போட்டு வாசிப்பதை இவன் தொட்டிலில் கிடந்து கேட்டிருக்கிறான். மாமாவின் காது இன்னும் பெரிசு. சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடையில் நின்றுகொண்டே, “எட்டாவது தறியில நாடா இடிக்குது, போயிப் பாரு” என்பார். போய்ப் பார்த்தால் எட்டாவது தறிதான்.

'சயாம்' உருவான ஏழெட்டு மாதமும் நான் கூட இருந்தேன். அவன் எடுத்த முதல் முடிவு, எங்கேயும் ரயில் சத்தம் வரக் கூடாது என்பது. கித்தாரில் ரயில் ஓட்டுவது சுலபம், கேட்கிறவர்களும் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பாதையைப் போட்டவர்களுக்கு அது ரயில் இல்லை, கல்லும் மண்ணும் சிலிப்பர் கட்டையும்தான் என்றான். அதற்குப் பதிலாகச் சம்மட்டி. மலையை வெட்டிய இடங்களில் ஒருவன் உளியைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடிப்பான். ஓர் அடிக்கு உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், மறுபடி அடி. அதை ஸ்னேரிலும் கித்தாரிலும் பிரித்துக் கொடுத்தான். கித்தார் மிஸ்ரத்தில், ஏழு ஏழாகப் போகும். டிரம்ஸ் நாலு நாலாக நிற்கும். இருபத்தெட்டு எண்ணிக்கைக்கு ஒரு முறைதான் இரண்டும் சமத்தில் சேரும். மற்ற நேரமெல்லாம் அடிக்கிறவனும் பிடிக்கிறவனும் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பது போல் இருக்கும். ஆரம்பத்து மூன்று நிமிடம் மட்டும் டிஸ்டார்ஷன் இல்லாத கித்தார், தோட்டத்து விடிகாலை. பெரட்டு மணிக்கு ரைட் சிம்பலின் நடுக்குமிழை மட்டும் தட்டுகிறான். பன்னிரண்டாம் நிமிடத்தில் எல்லாரும் ஒரே அடியாக அடித்து நிறுத்துகிறார்கள். அதுதான் சாவு. அதற்கப்புறம் ஒற்றைக் கித்தார் ஆரம்பத்து மெட்டையே வாசிக்கும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரம் குறைந்துகொண்டே. சோலோ கிடையாது. அந்தக் கித்தார்ப் பையனின் விரல் வேகத்துக்கு அவனைச் சோலோ வாசிக்காமல் இருக்கச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. அவனும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

இத்தனைக்கும் பிறகும் என் உறுத்தல் போகவில்லை. முதல் தடவை அரங்கில் வாசித்தபோது, பதினோராம் நிமிடத்தில் டபுள் பெடல் உச்சத்துக்கு ஏறியதும் பின்வரிசைப் பையன்கள் தலையை ஆட்டி, கையை உயர்த்தி, விசில் அடித்தார்கள். அது இந்த இசையின் வழக்கம். நானும் எத்தனையோ தடவை ஆட்டியிருக்கிறேன். ஆனால் அந்த நிமிடம் எதைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். காலராவில் குடிசை குடிசையாகச் செத்த ஜனங்கள், அவர்கள் நடுவில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர். அதற்கா விசில்? இந்த இசைக்கு உயிரே கை வேகம்தான், கணக்குதான், எப்படிடா வாசிக்கிறான் என்று வாய் பிளக்க வைப்பதுதான். ஒரு சாவை அந்த வியப்பின்மேல் ஏற்றினால் வியப்பு மட்டும்தானே நிற்கும்? இதை அவனிடமே கேட்டேன். டிரம்ஸ் கிட்டை மூட்டை கட்டிக்கொண்டே சொன்னான்: “மச்சான், எழவு வீட்டுல பறையடிக்கறப்ப ஆடறாங்களே, அவங்கள என்னன்னு சொல்லுவீங்க? அழுகாம ஆடறாங்கன்னு கோவிச்சுக்குவீங்களா?” வாயடைத்துப்போனேன். ஆனாலும் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது, அங்கே பிணம் கண்ணெதிரே கிடக்கிறது, இங்கே என்ன கிடக்கிறது என்றுதான் தோன்றியது. மாமா காரில் கேட்டது அதற்கு ஒரு வாரம் கழித்து, இரண்டாவது தடவை வாசித்தபோது. அவர் கேட்டதும் அதையேதான். பெரியப்பா எங்கே?

படுகளம்

அத்தையின் பிறந்த ஊர் வெள்ளக்கோயில் பக்கம். அங்கே ஓர் அண்ணன்மார் கோயில் இருக்கிறது. அந்த மாசியில் உடுக்கடிப் பாட்டு வைத்திருந்தார்கள். அண்ணன்மார் மடிவதை நடத்திக் காட்டும் படுகளம் அன்றைக்கு அத்தை எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார். சின்ன வயசில் பார்த்தது. அப்போது பயந்துபோய் அம்மாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டது மட்டும்தான் நினைவிருக்கிறது. அண்ணன்மாரான பொன்னர் சங்கர் கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பல ராத்திரிகளாகப் பாடி வந்திருந்தார்கள். பஞ்சமும் பகையும், கொம்பன் பன்றி வேட்டையும், எல்லாம் முடிந்து அண்ணன்மார் மடிகிற இடத்துக்குக் கதை வந்திருந்தது. கோயில் முன்னால் வெறும் தரை. டியூப் லைட் வெளிச்சம். முன்னால் ஆண்கள் நின்றிருந்தார்கள், பின்னால் பெண்கள், குழந்தைகள்.

உடுக்கை எவ்வளவு சின்ன வாத்தியம் என்று அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன். ஒரு சாண் இருந்தால் அதிகம். இடது கை நடுவில் இருக்கும் கயிற்றை அமுக்கி அமுக்கி விட, வலது கை விரல்கள் தோலில் விழ, அந்தச் சின்னச் சாமான் உறுமவும் செய்கிறது, விம்மவும் செய்கிறது. பாட்டுக்காரருக்கு அறுபது வயசுக்கு மேல். குரல் ஏற்கெனவே கம்மிப்போயிருந்தது. அவர் பாட, பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, கதை மெதுவாக அந்த இடத்துக்கு வந்தது. வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டார். சொல் நின்றுவிட்டது. உடுக்கை மட்டும். முதலில் நிதானமாக, அப்புறம் அடி நெருங்கி நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே உறுமலாக ஆனபோது, முன்னால் நின்ற ஒருவர் அப்படியே சாய்ந்தார். மரம் சாய்வது மாதிரி, கையை ஊன்றாமல். அவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர். அப்புறம் ஒரு பையன், இருபது வயசு இருக்கும், சாயங்காலம் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தவன். விழுந்தவர்களைத் தூக்கி வரிசையாகக் கிடத்தி, தலையோடு கால் வெள்ளைத் துணி போர்த்தினார்கள். ஏழெட்டுப் பேர் கிடந்தார்கள். பின்னால் பெண்கள் அழுதார்கள். சத்தம் போட்டு இல்லை, வீட்டில் ஒருவர் போய்விட்டால் அழுவார்களே, அந்த அழுகை. உடுக்கை நிற்கவே இல்லை.

என்னை அசைத்தது அந்த இடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒருவனைக் கொண்டுவந்து கண்ணைக் கட்டி நிறுத்தினால், யாரோ உடுக்கை வாசிக்கிறார்கள், கை வேகமான ஆள் என்று சொல்வான். சங்கர் செத்தது அவனுக்குக் கேட்காது. நான் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த சோதனை அதுதான்: தலைப்பை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஆனால் அந்தத் தரையில் நின்றவர்கள் ஒருவரிடமிருந்தும் கதையை எடுக்க முடியாது. அது பல ராத்திரிப் பாட்டாகவும், அதற்கு முன் பாட்டிமார் வாய்ச்சொல்லாகவும் உள்ளே இறங்கிக் கிடக்கிறது. உடுக்கை அதைச் சொல்ல வரவில்லை. உள்ளே கிடப்பதைத் தொட வந்தது. தொட்டதும் ஆள் சாய்ந்துவிட்டான். 1969ல் வுட்ஸ்டாக் இசை விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்காவின் தேசிய கீதத்தைக் கித்தாரில் வாசித்தார். குண்டுகளைப் பற்றிய வரி வரும் இடத்தில் கித்தாரை அலற விட்டார். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அவர் ஒரு வார்த்தை பாடவில்லை. கேட்டவர்களுக்கு அந்த வரி பள்ளிக்கூடத்திலிருந்தே மனப்பாடம். வரி தெரியாமல் அதைக் கேட்டுப் பழகிய எனக்கு அது வெறும் கித்தார் வித்தையாகப் பட்டதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளக்கோயில் பக்கத்துத் தரையில் நின்றபோதுதான் அதுவும் புரிந்தது. கைவேகத்தைப் பற்றி நான் பட்ட வருத்தமும் அங்கேயே கொஞ்சம் இளகியது. அந்தக் கிழவரின் விரல்கள் போன வேகத்துக்கு நான் வாய் பிளந்துதான் நின்றேன். அதற்காக அழுகை குறையவில்லை.

விடியும் நேரத்தில் எழுப்பினார்கள். அண்ணன்மாரின் தங்கை தங்காளாக வந்த பெண் தண்ணீர் தெளிக்க, கிடந்தவர்கள் ஒவ்வொருவராக அசைந்து, துணியை விலக்கி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார்கள். காபிப் பையனை அவன் அம்மா வந்து பிடித்துக்கொண்டாள். மாமா ராத்திரி முழுக்க என் பக்கத்தில் நின்றிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி ஆளும் எழுந்து உட்கார்ந்த பிறகு, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அங்க எழுப்பறதுக்கு ஒரு தங்காளும் இல்லாமப் போச்சு மாப்ளே.”

எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் மாமன் மகனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். அரங்கில் வந்து உட்காரும் எண்பது பேரில் சயாம் என்றால் என்ன என்று ஐந்து பேருக்குத் தெரிந்தால் அதிகம். மற்றவர்களுக்கு அது வெறும் ஊர்ப் பெயர். வாசிப்பதற்கு முன்னால் கதையைச் சொல். அவன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் எதற்கு வாசிக்க வேண்டும் என்றான். நான் படுகளத்தைச் சொன்னேன். இப்போது நாலு வாக்கியம் சொல்கிறான். 1937, ரப்பர் தோட்டம், லாரி, தேதி தெரியாது. அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பின்வரிசையில் சிலர் விசில் அடிக்கிறார்கள். பரவாயில்லை.

கரண்ட் இல்லாத நாள்

போன மாதம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். குடோனில் முப்பது தறியும் நின்றிருந்தன. பஞ்சுத் தூசி வெயிலில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மாமா பாவு பீம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். மகன் லேப்டாப்பைத் தார்ப் பெட்டி மேல் வைத்து, நல்ல ஹெட்போன் ஒன்றை அவருக்கு மாட்டிவிட்டான். ரெக்கார்டிங் முடிந்து மிக்ஸும் முடிந்திருந்தது. அரங்கில் ஸ்பீக்கர் இரைச்சலில் கேட்டதைவிட இதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும் என்றான். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முழங்காலில் இருந்த வலது கை விரல் ஒன்று மட்டும் அசைந்துகொண்டிருந்தது. திடீரென்று கையைத் தூக்கினார்.

“நிறுத்து கண்ணு. கொஞ்சம் பின்னால போ.”

பின்னால் போனான். மறுபடி அதே இடத்தில் கையைத் தூக்கினார்.

“இங்க ஒரு தறி நின்னுருச்சு.”

மகனுக்குப் புரியவில்லை. ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு கேட்டான். அந்த இடத்தில் இரண்டு கித்தாரும் டிரம்ஸும் முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன, சம்மட்டிப் பகுதி உச்சத்துக்கு ஏறுகிறது. அப்புறம் ஒவ்வொரு டிராக்காகத் தனியே ஓட்டிப் பார்த்தான். பேஸ் இல்லை. எட்டு ஆவர்த்தனத்துக்குப் பேஸ் வாசிக்கவில்லை. அடுத்த பகுதிக்குக் கீழ்த்தந்தியை இன்னும் இரண்டு சுரம் இறக்க வேண்டும். மேடையில் அதைத் திருகி இறக்க அந்தப் பையனுக்கு அவ்வளவு நேரம் வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி. மேடைப் பழக்கம் அப்படியே ரெக்கார்டிங்கிலும் வந்துவிட்டது. நூறு தடவைக்கு மேல் கேட்டிருக்கும் எனக்கு அங்கே பேஸ் இல்லை என்பது தெரியாது. அமைத்தவனே அதை ஓர் இடமாக நினைத்ததில்லை. அவன் சாவை வைத்திருப்பது பன்னிரண்டாம் நிமிடத்தில்.

“முப்பது தறி ஓடற குடோன்ல ஒண்ணு நின்னா வெளிய நிக்கறவனுக்குத் தெரியாது கண்ணு,” என்றார் மாமா. “மத்தது ஓடிட்டேதான் இருக்கும். பெரியப்பா இங்கதான் செத்திருப்பாரு.”

யாரும் பேசவில்லை. அவன் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினான். பேஸ் டிராக்கில் அலை அலையாக இருந்தது ஒரு கோடாக மாறும் இடத்தில் ஒரு குறி வைத்தான்.

“அது எத்தனாவது நிமிசம்?”

“ஒம்பது நிமிசம் பன்னெண்டு செகண்டுங்கப்பா.”

மாமா அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்த பாக்கெட் நோட்டை எடுத்து, பாவுக் கணக்குக்குக் கீழே, 9.12 என்று எழுதிக்கொண்டார்.